கித்தேரி செல்

என் பெயரில் ஒரு ரத்தச் செல் இருந்தது. பன்னிரண்டு வருடம் இருந்தது. பாடப்புத்தகத்தில் ‘கித்தேரி செல்’ என்று அச்சடித்தார்கள்; பிள்ளைகள் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கினார்கள். எங்கள் புன்னைத்துறை முக்கில் பத்தடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு நின்றது: ‘கித்தேரி செல் பிறந்த ஊர் உங்களை வரவேற்கிறது.’ செல் ஊரில் பிறக்காது, எலும்புக்குள் பிறக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? போர்டில் என் படத்தைப் போட்டு, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேறு வைத்துவிட்டார்கள். அதை மட்டும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பெருமை பிடிக்கும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நான் வேலை பார்ப்பது நீர்மனையில். கரையிலிருந்து நாற்பது மைல் தள்ளி, முந்நூறு மீட்டர் ஆழத்தில், கடலடி நீரோட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்கிற நிலையம். முப்பத்திரண்டு பேர் கீழேயே தங்கி, சுழலிகளைப் பழுதுபார்ப்போம். நினைத்தால் மேலே வந்துவிட முடியாது. அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, கூண்டுக்குள் ஒன்பது நாள் உட்கார்ந்து வர வேண்டும். என் அண்ணன் செபமாலைதான் நிலையத்துக்குத் தலைவர். தோணித் தலைவனைத் ‘தண்டல்’ என்போம்; அதே பேர் அவருக்குக் கீழேயும் ஒட்டிக்கொண்டது. நான் ரத்தப் பரிசோதனைக்காரி.

நிலையம் திறந்த முதல் வருடம் ஒரு பெரிய துக்கம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த இரண்டு இன்ஜினியர்கள், ஒருவர் முப்பத்து மூன்றாம் நாள், மற்றவர் முப்பத்தைந்தாம் நாள், காலில் ரத்தம் கட்டி விழுந்தார்கள். ஒருவர் போய்ச் சேர்ந்தார். இன்னொருவர் பிழைத்தார், ஆனால் ஒரு பக்கம் விளங்கவில்லை. அதே நாட்களில் அவர்களோடு கீழே இருந்த எங்கள் கடற்கரை ஆட்கள் பன்னிரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ‘இவர்கள் ரத்தத்தில் அப்படி என்ன இருக்கிறது? பாருங்கள்’ என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. பார்த்தேன். கண்டேன். சாதாரண செல்களுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் கூட்டம். அதற்குத்தான் என் பெயரை வைத்தார்கள்.

சட்டமும் வந்தது. கித்தேரி செல் உள்ளவர் அறுபது நாள் வரை இருக்கலாம். இல்லாதவர் முப்பதாம் நாள் கூண்டேற வேண்டும். மறுபடி இறங்க முடியாது. அதன்பின் எங்கள் கரையிலிருந்து மட்டுமே ஆள் எடுத்தார்கள். அப்பன் கட்டுமரம் ஓட்டினான், மகன் கடலடியில் மின்சாரம் எடுக்கிறான், எல்லாம் ரத்தத்தில் இருக்கிறது என்று ஊரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது.

இந்த வருடம் ஆள் பற்றவில்லை. சட்டம் வந்தபின் முதல்முறையாக, கடலோரம் இல்லாத உள்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வெல்டரை அனுப்பினார்கள். இசக்கியம்மாள், விளாத்திகுளம் கரிசல்காட்டுக்காரி, இருபத்தெட்டு வயது. இருபது வயதுவரை கடலைப் பார்த்ததே இல்லையாம். ஆனால் வெல்டிங் என்று உட்கார்ந்தால், அவள் வைத்த தையலில் நகம்கூடத் தட்டாது. மூன்றாம் சுழலியின் தண்டில் இருந்த விரிசலை எங்கள் ஆட்கள் இரண்டு மாதமாக ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத் தோற்றார்கள். அவள் ஒரு மாதத்துக்குள் பாதி முடித்துவிட்டாள். அவளுடைய ரத்தத்தைக் கரையிலேயே பரிசோதித்திருந்தார்கள். முடிவு: கித்தேரி செல் இல்லை.

அன்று அவளுக்கு முப்பதாம் நாள். கூண்டு மதியம் பன்னிரண்டரைக்கு. காலை எட்டு மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, வேலையா இருக்கீகளா?”

“உள்ள வா. சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். ஒண்ணு கேக்கணும். எனக்கு இல்லாதது எப்படி இருக்கும்னு ஒருதடவ காட்டுறீகளா? பாத்துட்டுப் போயிருதேன்.”

அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். இவள் கடைத்தெருவில் சேலை பார்க்க வந்தவளைப் போலக் கேட்டாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. திரையில் என்னுடைய சொந்த ரத்தத்தின் படத்தை எடுத்துப் போட்டேன்.

“இந்த மிஷினுக்குள்ள செல்லெல்லாம் ஒத்தையொத்தையா வரிசைல போவும். ஒவ்வொண்ணு மேலயும் லேசர் அடிக்கும். நாம பூசின சாயம் எவ்வளவு மினுங்குதுன்னு ஒரு எண் வரும். ஒரு செல்லுக்கு ஒரு புள்ளி. சாயம் பிடிச்சது வலப்பக்கம் தள்ளி நிக்கும். இந்தா, இடது ஓரத்துல கோட்டோட ஒட்டிக் கெடக்குல்லா, அது சாதாரண செல். கொஞ்சம் எடம் விட்டு இந்த மேகம் நிக்கி பாரு. இதான் நான் கண்டுபிடிச்சது.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

“நல்லாருக்குக்கா. என் படம்?”

கரையிலிருந்து வந்த அவளுடைய படத்தைப் பக்கத்தில் போட்டேன். உருண்டையாக ஒரே ஒரு மேகம். ஓரத்தில் கோடும் இல்லை, இரண்டாவது கூட்டமும் இல்லை.

அவள் மேகத்தைப் பார்க்கவில்லை. அடியில் இருந்த எண்களைப் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள்.

“ரெண்டும் ஒரே ஸ்கேல் இல்லையேக்கா.”

“என்னது?”

“வரைபடம் கைக்கு வந்தா மொதல்ல ஓரத்துல ஸ்கேல் என்னன்னு பாக்கணும், பாக்காம வெல்டிங் டார்ச்சக் கையில எடுத்தா வெரல ஒடிச்சுருவேன்னு எங்க ஃபோர்மேன் சொல்லுவாரு. உங்க படத்துல ஒண்ணு, பத்து, நூறு, ஆயிரம்னு போகுது. சைபரே இல்ல. என் படத்துல சைபர் நடுவுல இருக்கு, அதுக்கு இந்தப் பக்கம் மைனஸ் கூட இருக்கு.”

“அது கரையில வந்த புது மிஷின். சைபர் பக்கத்துல சாதாரண அளவுகோல் மாதிரி போட்டு, தூரப் போவப் போவ பத்து மடங்கா மாத்திரும். நம்மளது லாக் ஸ்கேல், முழுக்கப் பத்து மடங்குதான். பின்னால எவ்வளவு நடந்தாலும் அது சைபரத் தொடாது.”

இந்தப் புது ஸ்கேலுக்கு மாறச் சொல்லி நான்கு மாதம் முன்பு எனக்கும் கடிதம் வந்திருந்தது. பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிற படத்தை எனக்கா கற்றுத்தருகிறார்கள் என்று மூலையில் போட்டுவிட்டேன். அதை இசக்கியிடம் சொல்லவில்லை.

“மினுக்கம் எப்படிக்கா சைபருக்குக் கீழ போகும்?”

“ஒரு சாயத்து வெளிச்சம் பக்கத்துச் சாயத்து மேல சிந்தும். அதக் கழிக்கணும். கழிக்கும்போது ஒண்ணும் பிடிக்காத செல்லுக்கு எண் கொஞ்சம் முன்னப்பின்ன வரும். சிலது சைபருக்கு மேல, சிலது கீழ.”

“சரி. அந்த மைனஸ் புள்ளிய உங்க படத்துல எங்க வைப்பீக? அதுல எடமே இல்லையே.”

வாயைத் திறந்தேன். பதில் எனக்குத் தெரியும். முதல் வருடப் படிப்பிலேயே சொல்லித்தருவார்கள். இடமில்லாத புள்ளிகளை எல்லாம் மிஷின் அள்ளி இடது ஓரத்துக் கோட்டில் அப்பிவிடும். தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றுதான் அந்தக் கோட்டை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

எண்கள் மாறுவதில்லை, படம் மட்டும்தான் மாறும். இசக்கியின் எண்களை எடுத்து, என் பழைய ஸ்கேலில் போட்டேன். ஓரத்தில் ஒரு கோடு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒரு மேகம்.

“ஏட்டி! உனக்கும் இருக்குட்டி!” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். பையைக் கழற்றி நானே கீழே வைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “உங்களத இப்போ என் ஸ்கேல்ல போடுங்கக்கா.”

பன்னிரண்டு வருடமாகத் தொடாத அந்த மெனுவைத் தொட்டேன். ஒரு நொடி. என் கோடும் என் மேகமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து, ஒட்டிக்கொண்டு, உருண்டையாக ஒரே மேகமாக நின்றன. நடுவில் சைபர். அவளுடையதைப் போலவே. அடுத்தவரைப் போட்டேன். அதற்கடுத்தவரை. கீழே இருக்கிற முப்பத்தொரு பேரையும் போட்டேன். எல்லாம் ஒரே மேகம்.

சைபரைச் சுற்றி நின்ற ஒரே கூட்டம். சைபருக்கு மேலே கொஞ்சம் போனவற்றை அந்த ஸ்கேல் இழுத்து விரித்துத் தனி மேகமாகக் காட்டியிருக்கிறது. கீழே போனவற்றை ஓரத்தில் அப்பியிருக்கிறது. கித்தேரி செல் என்று ஒன்று கிடையவே கிடையாது.

“ஒரே வீட்டுக்காரங்கள நடுவுல சுவர் எழுப்பிப் பிரிச்சுட்டு, ரெண்டு குடும்பம்னு ரேஷன் கார்டு குடுத்த மாதிரில்ல இருக்கு,” என்றாள் இசக்கி. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தப்பாச் சொல்லிட்டேனா?” என்றாள்.

“சொல்லல.”

“சீக்காப் போனாகளே ரெண்டு பேரு, அவுக ரத்தத்தப் பாத்தீகளா?”

“பாக்கல. பாக்கத் தோணல. கரைக்காரங்க ரத்தத்த மட்டும்தான் கேட்டாங்க.”

இதைச் சொல்லும்போது எனக்குக் காது சுட்டது. ஆடிக் காற்றுக்கு அசையாத ஆள் என்று பெயர் எடுத்தவள் நான். ஒரு வெல்டர் பெண் இரண்டே கேள்வியில் உட்கார வைத்துவிட்டாள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். உடனே என் மனசில் வந்தது நல்ல எண்ணம் இல்லை. இசக்கியின் படத்தைப் பழைய ஸ்கேலில் போட்டு, ‘மறுபரிசோதனை: கித்தேரி செல் உண்டு’ என்று அனுப்பிவிட்டால் போதும். அவள் இருப்பாள். சுழலி முடியும். என் பெயரும் இருக்கும், போர்டும் நிற்கும். யாருக்கு என்ன நஷ்டம்? அதை அவளிடம் சொல்லியும்விட்டேன்.

“எனக்குச் சரிதான்க்கா. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இங்கன இருக்கணும், அம்புட்டு ஆசையா இருக்கு. ஆனா எங்க தெருவுல நாலு புள்ளைக டார்ச் புடிக்கப் படிக்குதுக. கரையில இருக்கது புது மிஷினு. அதுகளுக்கும் இல்லன்னுதான வரும்? அப்போ யாரு வந்து அதுகளுக்குப் பழைய ஸ்கேல்ல போடுவா?”

எழுந்து அண்ணனைத் தேடிப் போனேன்.

அண்ணன் கூண்டுக்குப் பக்கத்தில் கதவின் ரப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. கீழே நாற்பத்தேழு நாள் தொடர்ந்து இருந்தவர். அது இன்றுவரை யாரும் தொடாத கணக்கு. அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்கேல், கோடு, மேகம், முப்பத்தொரு பேர். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

“இன்னொண்ணும் இருக்குண்ணே,” என்றேன். “அன்னைக்கு மொதமொதல்ல உன் ரத்தத்தப் போட்டப்ப ரெண்டாவது மேகம் வரல. மத்த பதினோரு பேருக்கும் வந்துச்சு, உனக்கு மட்டும் வரல. என் அண்ணனுக்கு இல்லாம யாருக்கு இருக்கும்னு, சிந்தின வெளிச்சத்தக் கொஞ்சம் கூடுதலாக் கழிச்சேன். பிறகு வந்துச்சு. நான்தாம்ணே வர வச்சேன்.”

துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார். “தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஏட்டி, அன்னைக்கு நான் உன் பின்னாலதான் நின்னேன். மொதப் படத்தப் பாத்தேன். நீ குமிழத் திருகுனதையும் பாத்தேன். எனக்கு அது இல்லன்னு அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சேவா நாப்பத்தேழு நாள் கெடந்த?”

“பின்ன? செல்லக் கண்டுபிடிச்சவ அண்ணனுக்கே செல் இல்லன்னு நாலு பேரு சிரிக்கட்டும்னு மேல ஏறச் சொல்லுதியா?” என்றார். அப்புறம் குரல் தணிந்தது. “ஒவ்வொரு தடவையும் முப்பதாம் நாள் தாண்டும்போது குலை நடுங்கும்ளா. காலப் பிடிச்சுப் பிடிச்சுப் பாப்பேன். அந்தப் பயத்துலதான் கூப்பாட்டக் கொண்டுவந்தேன்.”

கூப்பாடு என்பது எங்கள் வழக்கம். மூட்டம் போட்ட கடலில் ஒரு வள்ளம் குரல் கொடுக்கும், மற்ற வள்ளம் ‘இருக்கோம்’ என்று பதில் கொடுக்கும். நீர்மனையில் அண்ணன் அதைப் படுக்கை அறைக்குள் கொண்டுவந்தார். இரண்டு மணிக்கு ஒருமுறை, முறைக்காரர் கட்டில் கம்பியைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ‘இருக்கேன்’ என்றால் மட்டும் போதாது. எழுந்து, வாசல்வரை நடந்து, திரும்பி வந்துதான் படுக்க வேண்டும். திட்டாத ஆள் இல்லை. நானே அவரைச் சபித்திருக்கிறேன்.

“முதல் வருசத்துலயும் உண்டா இது?” என்று கேட்டேன்.

“நம்ம ஆளுக ஒரே கூடத்துல படுத்தோம். ஒருத்தன் புரண்டா நாலு பேரு முழிப்பான்; கத, சண்ட, சீட்டுன்னு யாரு அசையாமக் கெடந்தா? அந்த இன்ஜினியர் சார்மாரு ரெண்டு பேரும் தனி ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு எட்டு மணி நேரம் அசையாமத் தூங்குவாங்க. பிறகு யோசிச்சுப் பாத்தேன். அசையாமக் கெடந்ததாலதான் ரத்தம் கட்டிருக்கும்னு தோணுச்சு. ஆனா தண்டல் பேச்ச யாரு எழுதிக்கிடுவா? செல்லுதான் காரணம்னு புஸ்தகத்துலயே போட்டாச்சே.”

“இசக்கி?”

“அவ வந்த நாள்ல இருந்து கூப்பாட்டுல இருக்கா. அவதான் ஒழுங்கா நடக்குதா. நீதான் வாசல் வரைக்கும் போவாம ஏமாத்துத.”

என் அண்ணன், ரத்தத்தில் ஒரு வரமும் இல்லை என்று தெரிந்தே, பன்னிரண்டு வருடம், ஒவ்வொரு தடவையும் சாவுக்குத் தயாராகி இறங்கியிருக்கிறார். பயந்துகொண்டே இறங்கியிருக்கிறார். அந்தப் பயத்தை முப்பது பேருக்கும் காவலாக மாற்றியிருக்கிறார். ஒளிவட்டம் போட்ட படத்தில் நான் நிற்கிறேன்! எனக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்து, கண் முட்டி, எதுவும் தெரியவில்லை.

“கரைக்கு ஃபோனப் போடு,” என்றார். “மணி பதினொண்ணு.”

கரையில் மருத்துவப் பிரிவுக்கு டாக்டர் அருள்வடிவு பொறுப்பு. திரையில் வந்தார். எண்களையும் இரண்டு வகைப் படங்களையும் அனுப்பிவிட்டு, குமிழைத் திருகியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“கித்தேரி, யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இது வெளிய வந்தா உங்க பேர் புத்தகத்துல இருந்து போயிடும். விசாரணைகூட வரலாம்.”

“வரட்டும் டாக்டர். என் பேரு என் ஞானஸ்நானச் சீட்டுல இருக்கு, அது போவாது. பன்னெண்டரைக்குக் கூண்டு. அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க.”

“செல்லே இல்லைன்னா, முப்பது நாளுக்கு மேல ஒருத்தரையும் கீழ வைக்க முடியாதே. எல்லாரையும் ஏத்தணும்.”

அண்ணன் குனிந்து திரைக்குள் முகத்தை நீட்டினார். “டாக்டரம்மா, பன்னெண்டு வருசம், இருநூத்திப் பத்து பேரு இறங்கி ஏறியிருக்கோம். ஒருத்தனுக்கும் கால் வீங்கல. உடம்புல ஒண்ணும் இல்லாமலே வீங்கல. கூப்பாட்டுப் புஸ்தகம் வச்சிருக்கேன், யாரு எப்போ எந்திரிச்சான், எத்தன தடவ நடந்தான், அம்புட்டும் இருக்கு. அனுப்பவா?”

அப்படி ஒரு புத்தகம் இருப்பது எனக்கே தெரியாது. பன்னிரண்டு வருடத்து எழுத்து. பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினோம்; டாக்டர் புரட்டிப் பார்த்தார். பன்னிரண்டு இருபதுக்கு முடிவு சொன்னார்: கூண்டு நிறுத்தம், விசாரணை முடியும்வரை கூப்பாடு இப்படியே தொடர வேண்டும், தினமும் எல்லோருடைய காலையும் ஸ்கேன் செய்ய வேண்டும், யாரும் ஏற வேண்டாம்.

இசக்கி வாசலில் பையோடு நின்றாள். “இருக்கவா, ஏறவா?”

“போயி டார்ச்ச எடுளா,” என்றார் அண்ணன்.

விசாரணை நடந்தது. எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதமும் ஆறு மாதம் பதவி இறக்கமும் கொடுத்தார்கள். நியாயம்தான். வாங்கிக்கொண்டேன். கால் ஸ்கேன்களும் அண்ணனின் புத்தகமும் சேர்ந்து பேசின. கடலடி நிலையம் எதுவாக இருந்தாலும் கூப்பாடு கட்டாயம் என்று சட்டம் மாறியது. ரத்தப் படம் பார்த்து ஆள் எடுப்பது நின்றது. பாடப்புத்தகத்தில் என் பக்கத்தைக் கிழித்தார்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகவே எனக்குப் பயம். போர்டைக் கிழித்திருப்பார்கள், முகத்தில் துப்புவார்கள் என்று நினைத்தேன். பஸ் முக்கில் திரும்பியது. போர்டு நின்றது, இன்னும் பெரிதாக. என் ஒளிவட்டத்தைக் காணோம். முப்பத்திரண்டு பேர் படமும் வரிசையாக இருந்தது, கடைசியில் வெல்டிங் கண்ணாடியோடு இசக்கி. மேலே கொட்டை எழுத்தில்: ‘உடம்பில் ஒன்றுமே இல்லாமல் கடலடியில் இருந்து காட்டியவர்களின் ஊர் உங்களை வரவேற்கிறது.’ எங்கள் ஊர்க்காரர்களைப் பெருமைப்படாமல் இருக்கச் செய்ய யாராலும் முடியாது. அந்த பஸ்ஸில் உட்கார்ந்து நான் வாய்விட்டுச் சிரித்தேன், அழவும் செய்தேன்.

ஃபோனில் படத்தை அனுப்பினேன். “எங்க ஊரு விளாத்திகுளம்லக்கா!” என்று இசக்கி கத்தினாள். போர்டில் ஏறியாகிவிட்டது, இனி இறங்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அவள் கீழே இறங்கியிருப்பது மூன்றாவது தடவை. மூன்றாம் சுழலி ஓடுகிறது. நேற்றோடு அவளுக்கு நாற்பத்தேழு நாள் முடிந்தது. இன்று அண்ணன் தன் முறை இல்லாதபோதும் எழுந்து, தட்டுவதற்கு ஒரு கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். கட்டில் கட்டிலாகத் தட்டிக்கொண்டு வந்து, அவள் கட்டிலுக்கு எதிரே கொஞ்சம் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓங்கித் தட்டினார்.

“இசக்கி! நாப்பத்தெட்டு!”

“இருக்கேன், தண்டல்!”

அவள் எழுந்து வாசல்வரை நடந்தாள். நானும் எழுந்து, இன்று ஏமாற்றாமல், வாசல்வரை போய்த் திரும்பினேன்.